தற்காலிகக் கோப்பும் நிரந்தரத் தீர்ப்பும்

நண்பர் ஒருவருடைய இல்லத்துக் கூடத்தில் கணினி ஒன்று இருக்கிறது. குடும்பத்தினர் ஐவருக்கும் அது பொது. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பை கிரிக்கெட் நடைபெற்ற வாரங்களில் ஒரு நாள், வட்டில் இடம் குறைந்துவிட்டதென்று அது எச்சரிக்கவே, வேண்டாத கோப்புகளை நீக்க நண்பர் முற்பட்டார். உலாவியின் தற்காலிகச் சேமிப்பைத் துடைக்குமுன் அதன் பட்டியலை விரித்துப் பார்த்தார். பந்தயம் கட்டும் தளமொன்றின் படங்கள் அதில் இருந்தன. அவை வந்து சேர்ந்த நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் கணினியின் முன் அமர்ந்திருந்தவன் கல்லூரியில் பயிலும் அவர் மகன். மூன்று நாட்கள் தந்தை மகனோடு பேசவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்தவர், “என் கண்ணாலேயே கண்டேன். இனி விசாரிக்க என்ன இருக்கிறது?” என்றார்.

ஒருவர் விட்டுச் சென்ற தடத்தை மட்டும் கொண்டு அவர்மீது தீர்ப்பு வழங்கலாமா என்னும் பழைய வினாவே இங்கும் எழுகிறது.

தற்காலிகச் சேமிப்பு என்பது யாது? ‘கேஷ்’ என்று அதனை அழைக்கிறார்கள். மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இருந்த விரைவு நினைவகம் இப்பெயரைப் பெற்றது. உலாவியில் இதன் பணி எளியது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வரும் படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் ஆகியவற்றின் நகல்களை உலாவி வட்டில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை அவற்றைத் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. காலமும் மிச்சம், செலவும் மிச்சம்.

ஆனால், வந்த கோப்பு விரும்பி அழைக்கப்பட்டதா, அழையாமலே வந்ததா என்று உலாவி பகுத்தறிவதில்லை. செய்திப் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் ஒன்று இருந்தால், அதன் படம் வேறொரு வழங்கியிலிருந்து வந்து இறங்கும்; அதுவும் சேமிக்கப்படும். படிப்பவர் கண்ணிற்படாமலே போன படமும் சேமிப்பில் இடம்பெறக்கூடும். ஆகவே, அப்பட்டியல் கூறும் சாட்சியம் இவ்வளவே: இக்கோப்பு இக்கருவிக்கு இந்நேரத்தில் வந்தது. யார் நாடினார், நாடினாரா இல்லையா என்பன அதற்குத் தெரியா.

கருவியே தன் நகலை முழுதும் நம்புவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கோப்பு எத்தனை வினாடிகள் செல்லுபடியாகும் என்பதை அதனை அனுப்பும் தளம் குறித்தனுப்பலாம். கெடு கடந்தபின் உலாவி அக்கோப்பை உடனே எறிந்துவிடுவதுமில்லை. கண்ணை மூடி ஏற்றுக்கொள்வதுமில்லை. ‘என்னிடம் உள்ளது இது, மாறியிருக்கிறதா?’ என்று வழங்கியிடம் வினவுகிறது. மாறவில்லையெனில் 304 என்னும் குறியீடு விடையாக வருகிறது. அதன் பின்னரே பழைய நகலைப் பயன்படுத்துகிறது. கேட்டறிதல் என்னும் இச்சிறு கடமையைத்தான் நண்பர் செய்யத் தவறினார்.

பிள்ளை வழிதவறுகிறானோ என்று அஞ்சுவது தந்தையின் கடமையன்றோ எனக் கேட்கலாம். கடமைதான். பந்தயத்தில் பொருளையும் நிம்மதியையும் இழந்த இளைஞர் பலர் உண்டு. ஆயினும், இடத்தை மீட்க அமர்ந்தவருக்குப் பட்டியல் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால், பெரும்பாலான உலாவிகளில் துடைப்பதற்கான பலகை திறக்கும். விரித்துப் பார்த்தது வேறொரு செயல். தற்செயலாகக் கண்டார் என்றே கொண்டாலும், கண்டது ஒரு கேள்விக்குத் தொடக்கமாகலாமே அன்றித் தீர்ப்பாகிவிடலாகாது. மகன் உண்மையிலேயே தவறியிருந்தாலும் அவனுக்குத் தேவைப்பட்டது தந்தையின் பேச்சு, மௌனம் அன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேமிப்பு துடைக்கப்பட்டிருந்தால், ‘எதையோ மறைக்கிறான்’ என்று ஐயுறுவோர் உளர். வட்டில் இடம் வேண்டியும், பழைய நகலால் கோணலாய்த் தோன்றும் பக்கம் சீராக வேண்டியும் துடைப்பது அன்றாட வழக்கம். தூய்மை செய்வதைக் குற்றத்தின் அடையாளமாக்கினால் குற்றமற்றவர் யார்?

உலாவிகளை ஆக்குவோர்கூட இதில் தாமதமாகவே விழித்தனர். ஒரு கோப்பு எத்துணை விரைவில் கிடைக்கிறது என்று அளந்தே, ஒருவர் முன்னர் எத்தளங்களைப் பார்த்தார் என்பதை மற்றொரு தளம் உய்த்துணர முடியும் என்று எட்வர்டு ஃபெல்டன், மைக்கேல் ஷ்னைடர் என்னும் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டினர். குரோம் 2020இலும் பயர்பாக்ஸ் 2021இலும்தான் தளந்தோறும் சேமிப்பைத் தனித்தனியே பிரித்து வைத்தன. தளங்களுக்கிடையே சுவர் வேண்டுமென்றால், ஒரே கணினியைப் பயன்படுத்தும் மனிதர்களுக்கிடையே ஒரு கதவேனும் வேண்டாமா? ஐவருக்கும் ஐந்து பயனர் கணக்குகள் அமைப்பது சில நிமிட வேலை.

இவற்றைச் சொன்னபின், நண்பர் அன்றிரவே மகனை அழைத்து வினவினார். நாள்தோறும் ஆட்ட நிலவரம் பார்க்கும் பக்கத்தை அவன் திறந்து காட்டினான். அதன் ஓரத்தில் அதே பந்தயத் தளத்தின் விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. மறுநாள் நண்பர் ஐந்து கணக்குகளை அமைத்தார், சேமிப்பையும் துடைத்தார். மகனிடம் வருத்தமும் தெரிவித்தார். “மூன்று நாட்களாக நீங்கள் ஏன் பேசவில்லையென்று எனக்கு விளங்கவேயில்லை, வாப்பா” என்றானாம் அவன்.

கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் செய்தி அது.