பூசலார் கட்டிய கோயிலும் பிள்ளைகள் எழுதும் பரீட்சையும்

கல்விக்கு அதிபதியாகிய சரஸ்வதி தேவியை நவராத்திரியின் கடைசி மூன்று நாட்களிலும் வழிபட்டு, விஜயதசமியன்று ஏடு தொடக்குவது சைவ மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். மலையகத்துத் தோட்டக் கோயில்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் பேனாவையும் அனுமதி அட்டையையும் கொண்டுவந்து அம்மன் பாதத்தில் வைப்பார்கள். பூசகர் ஐயா குங்குமம் இட்டுத் திருப்பிக் கொடுப்பார். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பி நிற்கும் தாயின் கண்கள் கலங்கும்.

அந்தப் பக்தி உயர்ந்தது. ஆனால் அம்மன் பாதத்தில் வைத்த பேனா தானாக எழுதுமா? தெய்வத்தின் அருளும் மனிதனின் முயற்சியும் எங்கே சந்திக்கின்றன? இதற்குச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் பூசலார் நாயனாரின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

தொண்டை நாட்டுத் திருநின்றவூரிலே வாழ்ந்த பூசலார் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. அதற்காக அவர் ஆசையைக் கைவிடவில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். மனத்தில் கட்டுவதுதானே என்று ஒரே இரவில் கோபுரத்தை எழுப்பிவிட்டாரா? இல்லை. நல்ல நாள் பார்த்தார். கல்லும் மரமும் தச்சரும் தேடினார். அத்திவாரம் இட்டார். வரிசை வரிசையாகக் கல் அடுக்கி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்து, கடைசியாகவே குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சிபுரத்தில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான் பல்லவ மன்னன். முதல்நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை பூசலாரின் கோயிலில் எழுந்தருளப் போவதாகவும் மன்னன் வேறு நாள் வைத்துக்கொள்ளும்படியும் கூறினார். மன்னன் நின்றவூருக்கு ஓடிவந்து தேடினான். ஊரார் அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள். உண்மை அறிந்த மன்னன் பூசலாரின் காலில் விழுந்து வணங்கினான்.

வறுமை அவரைத் தடுக்கவில்லை என்பது மட்டுமல்ல இந்த வரலாற்றின் பாடம். எவர் கண்ணுக்கும் தெரியாத வேலையில்கூட அவர் ஒரு கல்லையும் தாண்டிச் செல்லவில்லை என்பதே பெரிய பாடம்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் மனத்துக்குள் கோயில் கட்டும் பிள்ளைதான். ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை கற்ற கணிதமும் மொழியும் அத்திவாரம். உயர்தரத்தின் இரண்டு வருடங்களும் சுவர். கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பது சிகரம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புத்தகத்தைத் திறப்பவர் அத்திவாரம் இல்லாமல் கலசம் வைக்கப் பார்க்கிறார். நேர்த்திக்கடன் வைப்பதில் தவறில்லை. ஆனால் படிக்காத பாடத்துக்கு அம்மனிடம் புள்ளி கேட்பது, உழாத நிலத்துக்கு அறுவடை கேட்பது போலாகும்.

இந்தப் பரீட்சையின் அளவுகோலையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை மூன்று பிரதான பாடங்களை எழுதுகிறது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியிலிருந்து இந்தப் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பதே இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இதுவே அடிப்படை. பெரும்பாலான பாடநெறிகளில் 100 இடங்களில் 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த வசதி குறைந்த மாவட்டங்களில் அடங்குகின்றன. ஆகவே மூன்று ஏ சித்தி பெற்றால்தான் கம்பஸ் என்று எண்ணி மனம் உடைய வேண்டியதில்லை. அதேவேளை, ஒரு பாடத்தைக் கைவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்துவிடவும் முடியாது. மூன்று சுவரில் ஒன்று சாய்ந்தால் கூரை நிற்காது.

இந்த இடத்துக்கு மலையகம் வந்த பாதை நெடியது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த முன்னோரின் 200 வருட நினைவை 2023இல் அதே பாதையில் நடந்து நினைவுகூர்ந்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலை என்பது ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பல பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். இன்றும் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் போதாது. ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ விடியற்காலை பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு அந்தப் பயணமும் தவமே.

2025இல் அந்தத் தவம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. நவம்பர் 10ஆம் திகதி ஆரம்பமான உயர்தரப் பரீட்சை, மாத இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் இடையில் நின்றது. மலைகள் சரிந்தன. பாதைகள் அறுந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கார்த்திகைத் தீபம் ஏற்ற வேண்டிய நாட்களில் பல லயங்கள் இருளில் கிடந்தன. எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரியிலேயே எழுத முடிந்தது. வீட்டை விட்டு ஓடியவர்களுக்குப் புத்தகமும் குறிப்பும் சேற்றில் போயிருந்தாலும், மனத்தில் அடுக்கிய கல்லை எந்த மண்சரிவாலும் கொண்டுபோக முடியாது. பூசலாரின் கோயிலுக்கு அதுவே காவல்.

எனினும் முழுப் பாரத்தையும் பிள்ளையின் தலையில் மட்டும் ஏற்றுவது தர்மமாகாது. பத்தடிக் காம்பிராவுக்குள் ஆறு பேர் படுக்கும் வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அடுத்த காம்பிராவில் தொலைக்காட்சி அலறினால் எந்தச் சூத்திரம் மனத்தில் நிற்கும்? கோயிலின் ஒலிபெருக்கியே நள்ளிரவு வரை முழங்கினால் சரஸ்வதி பூசை செய்த கையாலேயே சரஸ்வதியை விரட்டியதாக ஆகாதா? பரீட்சைக் காலத்தில் பூசை மணியோடு ஒலியை நிறுத்தி, மாலையில் கோயில் மண்டபத்து விளக்கைப் படிக்கும் பிள்ளைகளுக்காக எரியவிடும் பரிபாலன சபை அம்மனுக்கு ஓர் அபிஷேகம் செய்த புண்ணியத்தைப் பெறும். திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கு வினாத்தாள் புத்தகங்களாக மாறினால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

பெண்பிள்ளைகளின் நிலையையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எடுப்பதும், விறகு பொறுக்குவதும், தம்பி தங்கையைப் பார்ப்பதும் அவர்களுக்கே விதிக்கப்படுகின்றன. அண்ணன் அரைமணி நேரம் குடத்தைத் தூக்கினால் தங்கைக்கு ஒரு வினாவுக்கு விடை எழுத நேரம் கிடைக்கும். வீட்டில் சக்தியைக் களைக்க விட்டுவிட்டுக் கோயிலில் சக்திக்கு விளக்கேற்றுவதில் என்ன பயன்?

பெறுபேறு வரும் நாளும் ஒரு பரீட்சைதான், அது பெரியவர்களுக்கு. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்த பிள்ளையிடம், நகை அடகு வைத்துப் படிக்க வைத்ததையும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸானதையும் சொல்லிக் காட்டுவோர் உண்டு. அந்தச் சொல் சிலருடைய உயிரையே வாட்டிவிடும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்ற வழியிருக்கிறது. கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி என வேறு வாசல்களும் இருக்கின்றன. நின்றவூர் மக்கள் கோயில் எங்கே என்று கேட்டபோது, இறைவன் அதற்குள் எழுந்தருளியிருந்தார். இசட் புள்ளிக்குத் தெரியாத உழைப்பும் அம்மனுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தோளில் கைபோட்டுக் கோயிலுக்கு அழைத்து வருவதே பெற்றோர் செய்யும் உண்மையான அர்ச்சனை.

சித்தியடைந்து பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் திரும்பி வந்து, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தம்பி தங்கைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தால் அவர்களுடைய நேர்த்திக்கடன் நிறைவேறும்.

பேனா அம்மன் பாதத்திலிருந்து பிள்ளையின் கைக்கு வரும்போது அது சும்மா வருவதில்லை. உழைக்கும்படி கட்டளையோடு வருகிறது. அக்கட்டளையை ஏற்று ஒவ்வொரு கல்லாய் அடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காக மலையேறும் தாய் தந்தையருக்கும் அன்னை முத்துமாரி துணைநின்று அருள்பாலிப்பாளாக.

சுபம்.