சமநிலையின் விலை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, அடிவாரத்திலே கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையை வந்தடைகிறது. நீர்மட்டம் ஏறுகிறது, குறித்த அளவை எட்டியதும் மதகுகள் திறக்கப்படுகின்றன, கரை பிழைக்கிறது. இத்தகைய மதகுகள் இரண்டு நம் ஒவ்வொருவரின் முதுகுப்புறத்திலும் இரவு பகலாக இயங்குகின்றன. சிறுநீரகங்கள் என்று அவற்றை அழைக்கிறோம். அவற்றின் பணியை எண்ணிப் பார்க்கும்போது, உடலைக் குறித்து ஒரு வியப்பும் மனச்சான்றைக் குறித்து ஓர் அச்சமும் நம்முள் எழுகின்றன.

கைப்பிடியளவே உள்ள இவ்வுறுப்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்நீரில் கரைந்துள்ள உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ அளவு இருக்கும். இவற்றுள் 99 விழுக்காடு மீண்டும் இரத்தத்திற்கே திருப்பித் தரப்படுகிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகக் கழிகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதே அங்கு ஓயாது நடைபெறும் தீர்ப்பு.

வயிற்றுப்போக்காலோ குருதியிழப்பாலோ இரத்த அழுத்தம் தாழ்ந்தால், சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாகப் பிறக்கும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்பு நிற்கும் இடத்தில் நீரும் நிற்கும். மாறாக, அழுத்தம் உயர்ந்தால் ரெனின் அடங்குகிறது, உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறுகின்றன, அழுத்தம் தணிகிறது. இல்லாதபோது காத்தலும், மிகும்போது விடுதலும் என்ற இந்த ஒழுங்கை அறநூலார் கண்டால் நடுவுநிலைமை என்றே பெயரிடுவர்.

ஆயினும் இக்கதையில் ஒரு திருப்பம் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பணியாற்றிய ஆர்தர் கைட்டன் என்னும் உடலியல் அறிஞர் அதனை வற்புறுத்திச் சொன்னார். நாட்பட்ட இரத்தக் கொதிப்பு உடையவரின் சிறுநீரகமும் உண்ட உப்பைக் கழிக்கவே செய்கிறது. பத்துக் கிராம் உண்டால் ஏறத்தாழப் பத்துக் கிராமும் வெளியேறிவிடுகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் முன்னர் இயல்பான அழுத்தத்திலே செய்த வேலையை, இப்போது உயர்ந்த அழுத்தத்திலேதான் அது செய்கிறது. மதகு பழுதாகி நின்றுவிடவில்லை. அது திறக்கும் மட்டம் மேலே போய்விட்டது. சமநிலை காக்கப்படுகிறது, அதன் விலையை இதயமும், மூளையின் நுண்குழாய்களும், கண்ணும் செலுத்துகின்றன. நோயாளரோ, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, சாமி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது பொய்யன்று. உள்ளபடியே அவர் ஒன்றும் உணர்வதில்லை.

மனச்சான்றுக்கும் இதுவே நேரக்கூடுமோ என்பதே நம் கேள்வி. இவ்வொப்புமை நாம் வலிந்து புனைந்ததன்று. திருப்பாடல்களிலும் எரேமியா நூலிலும், மனிதரின் அந்தரங்கத்தை இறைவன் சோதித்தறிகிறார் என்று கூறும் இடங்களில், எபிரேய மூலம் இதயத்தோடு சேர்த்துச் சிறுநீரகங்களையே குறிப்பிடுகிறது. தமிழில் அச்சொல் உள்ளிந்திரியம் என்றும் உள்ளம் என்றும் மறைந்து நிற்கிறது. பழக்கமாகிவிட்ட பாவத்தால் மனச்சான்று சிறிது சிறிதாகப் பார்வை இழக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ஆம் ஆண்டு எச்சரித்தது.

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததை நாம் மறக்கவியலாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடலுள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. பார்வை நரம்பைத் தாக்குகிறது. குருதியில் அமிலம் பெருகுகிறது. அத்தனை நஞ்சையும் உரிய நேரத்தில் கழிக்கச் சிறுநீரகத்திற்கு இயலாது. ஆகவேதான் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஓராண்டுக்கு முன்னரே, 2023 மே மாதத்தில், மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது. அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது; மதகு திறக்கவில்லை. கருணாபுரத்துக்குப் பின்னரே மலைமேல் சோதனைகள் பெருகின. அதன் பின்னரே கல்வராயன் மலைவாழ் மக்களின் சாலை, மருத்துவம், கல்வி ஆகிய குறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. அக்குறைகள் அன்று முளைத்தவை அல்ல.

ஒரு மறுப்பு எழலாம். பழகிக்கொள்ளுதல் குற்றமா? மட்டத்தை உயர்த்திக்கொள்ளாவிடில் உப்பும் நீரும் தேங்கி உடல் வீங்கிவிடுமே! உண்மைதான். பகலெல்லாம் மூட்டை சுமந்தவன் உடல்வலி மறக்கக் குடிப்பதும், மனைவி அதைப் பொறுத்துக்கொள்வதும், அவர்கள் வாழ்வதற்குக் கண்ட வழி. அவர்களை நோக்கிக் கல்லெறிய நமக்கு உரிமையில்லை. ஆனால் சமநிலை காக்கப்படுகிறது என்பதனாலேயே எல்லாம் நலமாகிவிடாது. அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். ஊர் அமைதியாக இருந்தது. குழந்தையின் பள்ளிப் பணமும் பெண்ணின் காதணியும் அந்த அமைதிக்கு விலையாயின.

நாமும் இதற்குப் புறம்பானவர் அல்லோம். அடக்கச் சடங்குகளில் சவப்பெட்டியைச் சுமந்தோரின் மூச்சில் சாராய வாடையை எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறோம். முதல் முறை நெஞ்சு பதைத்தது. பத்தாம் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பின்னர் முகத்தைத் திருப்பவும் தேவைப்படவில்லை. நம் மனச்சான்று அமைதியாகவே இருந்தது. அந்த அமைதிதான் இன்று நம்மை அச்சுறுத்துகிறது.

கொதிப்புக்கு மருத்துவர் கூறும் வழி எளியது. உணர்வை நம்பாதே, அளந்து பார் என்கிறார். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக்கொள் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் அளவு குறிக்கிறது. அளவுகோல் வெளியே இருக்கிறது. வேறொருவர் கையைப் பற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனச்சான்றுக்கும் அவ்வாறே. இரவில் ஆன்ம சோதனை செய்கையில், "என் உள்ளம் உறுத்துகிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது, மட்டம் உயர்ந்துவிட்ட உள்ளம் உறுத்தாது. "இன்று என் அமைதிக்காக விலை கொடுத்தவர் யார்?" என்று கேட்போம். விடையாக ஒரு முகம் தோன்றுமாயின், பொழுது விடிந்ததும் அவ்வீட்டு வாயிலுக்குச் செல்வோம். நம் மட்டம் எங்கே நிற்கிறது என்பதை அங்குதான் அறிய முடியும்.