ஆறு திசைகளும் இளையோரும்

பாலி மொழியிலுள்ள தீக நிகாயம் என்னும் தொகுப்பில் இடம்பெறும் சிகாலோவாத சூத்திரம், துறவியரை நோக்கியதன்று. தந்தையை இழந்த இல்லற இளைஞன் ஒருவனுக்குப் புத்தர் கூறிய அறவுரை. விடியற்காலையில் ஈர ஆடையும் ஈரத் தலையுமாக இராசகிருக நகரின் புறத்தே நின்று ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழும் சிகாலனுக்கு, தந்தை இறக்கும் தறுவாயில் இட்ட கட்டளை என்பதைத் தவிர அவ்வழிபாட்டுக்கு வேறு காரணம் தெரியவில்லை. புத்தரோ, கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவியர் என்று அத்திசைகள் ஒவ்வொன்றிலும் மனிதரை நிறுத்திக் காட்டுகிறார்.

இளையோரின் நலம் தனியொருவரின் உடலிலும் மனத்திலும் மட்டும் அடங்குவதா, அவரைச் சூழ்ந்த உறவுகளில் இருப்பதா என்னும் கேள்விக்கு இச்சூத்திரம் தரும் விடை, கடமைகளை அது இருபுறமும் வைப்பதில் உள்ளது. பெற்றோரைப் பேணுமாறு மகனுக்குச் சொல்லும் அதே மூச்சில், தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க துணையைத் தேடித் தருதல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என ஐந்து கடமைகளை அது பெற்றோருக்கும் விதிக்கிறது. இளையோருக்கு அறிவுரை கூறுவோர் முதற்பாதியையே பெரிதும் எடுத்தாள்வதால், ஐந்தாம் கடமை கவனம் பெறுவதில்லை. உடைமை என்பதைச் சொத்தளவில் நிறுத்தாமல் பொறுப்பு, அதிகாரம், ஊர்க்காரியத்தில் பேசும் உரிமை ஆகியவற்றுக்கும் விரித்துக்கொண்டால், அவற்றைக் காலங்கடத்தி ஒப்படைக்கும் சமூகமும் அறத்தில் தவறியதாகவே கொள்ள வேண்டும். பணியாளரை உடைய குடும்பத்தையே இச்சூத்திரம் முன்னிறுத்துகிறது என்பதும், ஏவுவோர் ஏவப்படுவோர் என்னும் அமைப்பை அது கேள்வி கேட்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் கடமையின்றி உரிமை கொண்டாடும் இடத்தை அது எவருக்கும் அளிக்கவில்லை.

இலங்கையில் இதன் ஒரு பகுதி நடைமுறைக்கு வந்தது. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. டி. ஆரியரத்ன, 1958இல் தம் மாணவரை, தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட ரொடி சாதியினர் வாழ்ந்த கனதொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். உழைப்பைக் கொடையாக அளித்தல் எனப் பொருள்படும் சிரமதானம் அங்கிருந்து சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. அதன் சமூக ஒழுக்கத்துக்கு அடிப்படையான தானம், இன்சொல், பயனுள்ள செயல், சமத்துவம் ஆகிய நான்கும், சிகாலனுக்குச் சொன்ன உரையின் இறுதியிலும் காணப்படுபவையே. சிரமதான முகாம்களில் மண்வெட்டி பிடிப்பதற்கு இணையான இடம் குடும்பக் கூட்டத்துக்கு உண்டு. அதில் வயது பாராமல் எவரும் பேசலாம், அண்ணன், அக்கா, அம்மா என உறவுமுறை சொல்லியே ஒருவரையொருவர் அழைப்பர். இழிபெயரால் விளிக்கப்பட்டவரை நகரத்து மாணவர் உறவு சொல்லி அழைக்கும்போது, அழைக்கப்பட்டவரோடு அழைத்தவரும் மாறுகிறார். இளையோரை உதவி பெறுவோராக மட்டும் காணும் நலத்திட்டங்களில் இம்மாற்றத்துக்கு இடமில்லை.

எனினும் முகாம் முடிந்து வீடு திரும்பிய இளைஞருக்கு நிலமோ வேலையோ காத்திருக்கவில்லை. 1971 ஏப்ரலில் தெற்கில் வெடித்த கிளர்ச்சியில், படித்தும் வேலை கிடைக்காத கிராமத்துச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதே காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், வடக்கின் தமிழ் மாணவரிடையே ஆறாத மனக்கசப்பை விளைத்தது. 1980களின் இறுதியில் தெற்கில் மீண்டும் மூண்ட கிளர்ச்சிக்குப் பின், இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு தன் 1990ஆம் ஆண்டு அறிக்கையில், வேலைவாய்ப்பில் அரசியல் செல்வாக்கு நுழைந்ததை இளையோரின் கசப்புக்குக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. தொழில் கற்பித்தலும் உரிய காலத்தில் ஒப்படைத்தலும் பெற்றோரால் மட்டும் நிறைவேறக்கூடியவை அல்ல. அரசும் ஊரும் கைவிட்ட அவ்விரு கடமைகளை, இளையோரின் இன்சொல்லும் உழைப்புக் கொடையும் ஈடுசெய்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்குச் சிகாலோவாத சூத்திரம் இடந்தரவில்லை.