சிக்கனமும் அறமும்: மின்மானி எழுப்பும் வினா

செலவை அடக்கி வாழ்வது ஓர் அறமா, அன்றித் தன்னலத்தின் மற்றொரு பெயரா என்னும் வினா ஒழுக்கவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். பெரும்பாலும் செல்வரையும் உலோபியரையும் உதாரணமாகக் கொண்டு எழுப்பப்பட்ட இவ்வினா, அண்மைக் காலத்தில் இலங்கையின் சாதாரண குடும்பங்களின் நாளாந்த வாழ்விற்குள் நேரடியாகவே புகுந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. மாதத்திற்கு 30 அலகுக்கு மேற்படாது பாவிக்கும் வீடு அலகொன்றுக்குச் செலுத்திவந்த 2 ரூபா 50 சதம், இவ்விரு உயர்வுகளால் முதலில் 8 ரூபாவாகவும் பின்னர் 30 ரூபாவாகவும் ஆயிற்று. அதன் பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டும் வந்துள்ளதெனினும், அம்மாதங்கள் பல குடும்பங்களுக்குக் கற்பித்த பழக்கம் ஒன்றுண்டு. மின்மானியின் எண்களைக் குறித்து வைத்து, எக்கருவி எவ்வளவு கொள்கின்றது எனக் கணித்து, இயன்றவிடத்துக் குறைத்தலே அது. இப்பழக்கத்தின் அறப் பெறுமானம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் அளத்தல் என்னும் செயலின் இயல்பை நோக்குதல் தகும். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணி நேரம் இயங்குகையிற் செலவாகும் சக்தியே ஓர் அலகாகும். 60 வாற்று இழைக் குமிழொன்று நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியின், முப்பது நாளில் 9 அலகு செலவாகும்; ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 1.35 அலகே போதுமானது. ஆயிரம் வாற்று மின்னழுத்தியை ஒரு மணி நேரம் பாவிப்பது, அச்சிறு குமிழை நான்கு நாட்களுக்கு மேல் இடையறாது எரிப்பதற்குச் சமமாகும். உறங்கச் செல்லுமுன் மானியைப் பார்த்து விடிந்ததும் மீண்டும் பார்ப்பவர், யாவரும் உறங்கிய வேளையிலும் குளிர்சாதனப் பெட்டி முதலியன கொண்டது எவ்வளவு என்பதை அறிவர். விளக்கை அணைக்க மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வீட்டில், பெருஞ்செலவு நீர் சூடாக்கும் மின்கேத்தலில் இருத்தல் கூடும். அளவு அறியப்படாதவரை குற்றச்சாட்டும் தவறான இடத்திலேயே விழுகின்றது. தான் செய்வது இன்னதென அறியாதவன் அதனைத் தெரிந்து செய்தவனாகான். தெரிவு இல்லாதவிடத்து அறமும் இல்லை. இவ்வகையில் அளத்தல் தானே அறமன்றாயினும் அறத்திற்கு முன்நிபந்தனையாகின்றது எனலாம்.

எனினும், பணத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்படும் செயலுக்கு அறப் பெருமை உண்டோ எனின், இம்மானுவேல் கான்ற் இல்லையென்றே விடையிறுப்பார். 1785இல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் அவர் ஒரு வணிகனை உதாரணமாகக் காட்டுகின்றார். அவன் சிறுபிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே விலைக்கே பொருளை விற்கின்றான். ஆயினும் வியாபாரம் பெருக வேண்டுமென்ற எண்ணத்தினால் அவ்வாறு செய்வானாயின், அச்செயல் கடமைக்கு இசைந்ததேயன்றிக் கடமையுணர்வினின்று பிறந்ததன்று. பட்டியலுக்கு அஞ்சி விளக்கை அணைப்பவரின் நிலையும் இதுவே. கட்டணம் இறங்கியதும் அவர் மீண்டும் எல்லா விளக்குகளையும் எரியவிடுவாரெனின், அவரிடம் இருந்தது சிக்கனம் என்னும் பண்பன்று.

அரிஸ்டோட்டில் காட்டும் வழி சற்று வேறானது. நற்பண்பு பழக்கத்தினால் உருவாவது என்பது அவர் கொள்கையாதலின், பணத்தை எண்ணித் தொடங்கிய பழக்கமும் காலப்போக்கில் பண்பாக முதிரக் கூடும். ஆயின் அவர் கூறும் நடுநிலை எல்லோர்க்கும் பொதுவான ஓர் எண்ணன்று. பத்து மினா உணவு மிகுதி, இரண்டு குறைவு என்பதனால், பயிற்றுநர் யாவர்க்கும் ஆறு மினா என விதிப்பதில்லை. அவ்வளவு மல்லன் மைலோவுக்குக் குறைவாகவும், புதிதாகப் பயிலத் தொடங்கியவனுக்கு மிகுதியாகவும் இருத்தல் கூடும் என்கின்றார். சிக்கனத்தின் அளவும் அவரவர் தேவையை நோக்கியே துணியற்பாலது.

மின்கட்டண முறையோ இதற்கு மாறாக எண்களை எல்லையாகக் கொண்டுள்ளது. மாதம் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலை வரிசையும், தாண்டிய வீட்டுக்கு வேறொரு வரிசையும் விதிக்கப்படுகின்றன. அதிகம் பாவிப்போர் அதிகம் செலுத்த வேண்டும் என்னும் நோக்கம் நீதியானதே. ஆயின் மின்மானி வீட்டை எண்ணுகின்றதேயன்றி, அதில் வாழும் மனிதரை எண்ணுவதில்லை. தனியொருவர் 60 அலகு பாவிக்கும் வீடு சிக்கனமானதெனக் கணிக்கப்பட, எட்டுப் பேர் கூடி 100 அலகு பாவிக்கும் வீடு, ஆளொருவருக்கு 12.5 அலகே ஆயினும், உயர்ந்த வரிசைக்குத் தள்ளப்படுகின்றது. ஆண்டில் சில நாட்களே திறக்கப்படும் செல்வரின் ஓய்வு வீடு, வறியோர்க்கென வகுக்கப்பட்ட விலையைப் பெறுதலும் கூடும். எனவே மானி காட்டும் எண்ணை அப்படியே ஒழுக்கத்தின் அளவாகக் கொள்ளுதல் தவறாகும்.

வீட்டிற்குள்ளும் இதே சிக்கல் உண்டு. பட்டியலில் குறைந்த தொகை யாருடைய வசதியிலிருந்து குறைந்தது என்பதை எக்கணக்கும் எழுதுவதில்லை. 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. விலை கொடுக்க முடிந்தவர்க்கும் அது கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. எரிவாயுச் செலவு குறைந்தது. ஆயின் விறகு தேடும் நேரமும், புகை உண்ட கண்களும் சுவாசமும் பெரும்பாலும் பெண்களுடையனவாயிருந்தன. முதியவரின் மின்விசிறியும் மாணவரின் படிப்பு விளக்கும் முதலிற் குறைக்கப்பட்டு, குடும்பத் தலைவரின் தொலைக்காட்சி தொடர்ந்து இயங்கும் வீட்டில் மிச்சம் உண்டு, நீதி இல்லை. வலியோர் தீர்மானிக்க மெலியோர் இழப்பதைச் சிக்கனம் என அழைப்பது சொல்லின் தவறான பிரயோகமாகும்.

இழப்பிற்கும் சிக்கனத்திற்கும் உள்ள வேறுபாட்டை வடபுலத்தவர் நன்கறிவர். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்தொடர்பு அற்றுப்போக, பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அருமையாயிற்று. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெயை விட்டுத் திரியேற்றிய விளக்கொளியில் ஒரு தலைமுறை படித்தது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோரும் பலர். துளி எண்ணெயும் வீணாகாத அவ்வாழ்க்கையில், மின்சாரச் செலவு என ஒன்று இருக்கவேயில்லை. அம்மக்களின் ஆற்றல் போற்றத்தக்கது. ஆயினும் அந்நிலையைச் சிக்கனம் எனப் புகழ்வோர், அதனை விளைவித்தோரின் பொறுப்பை மறைப்போராவர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது நாடு முழுவதும் மின்பாவனை குறைந்தது. அதனை எவரும் நற்பண்பின் வளர்ச்சி எனக் கொண்டாடவில்லை. மறுக்கக் கூடியதாயிருந்தும் தானே விரும்பிக் குறைப்பவனிடத்தே சிக்கனம் பண்பாகின்றது.

இனி, மிச்சமானது எங்கே செல்கின்றது என்பதும் நோக்கற்பாலது. 1865இல் ‘நிலக்கரிப் பிரச்சினை’ என்னும் நூலை எழுதிய ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி இயந்திரம் திருந்தித் திருந்திக் குறைந்த நிலக்கரியில் இயங்கத் தொடங்கியதும், நாட்டின் மொத்த நிலக்கரிப் பாவனை குறையாது பெருகியதைச் சுட்டிக்காட்டினார். குமிழை மாற்றி மிச்சம் பிடித்த வீடு, அம்மிச்சத்தைக் கொண்டே குளிரூட்டி வாங்குதல் இதன் சிறு வடிவமாகும். ஆயினும் இதனை எங்கும் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே விளக்கின் கீழ் மூன்று பிள்ளைகள் நெருங்கியிருந்து படித்த வீட்டில், முன்னைய செலவிலேயே மூன்று விளக்குகள் எரிவதாயின் அங்கே விரயம் எதுவுமில்லை. நிறைவேறாதிருந்த தேவையே நிறைவேறியுள்ளது. ஒரே பொருளியல் விளைவு ஒரு வீட்டிற் குறையாகவும் மற்றொரு வீட்டில் நிறைவாகவும் இருப்பதற்குக் காரணம், தேவை வேறு விருப்பம் வேறு என்பதே.

வீட்டின் நன்மையும் பொது நன்மையும் எப்பொழுதும் ஒன்றுபடுவதுமில்லை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்கேள்வி உச்சமடைகின்றது. அவ்வேளையிற் குறைக்கப்படும் ஓர் அலகு நண்பகலிற் குறைக்கப்படும் அலகிலும் நாட்டிற்குப் பெறுமதி மிக்கது. சாதாரண வீட்டு மின்மானியோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றது. மேலும், ஒரு வீட்டின் விளக்கு நுரைச்சோலைக்கு இறக்குமதியாகும் நிலக்கரியோடும் நீர்த்தேக்கங்களின் நீரோடும் தொடர்புடையது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத வறட்சியில், சமனலவெவ நீரை மின்னுற்பத்திக்காகத் தேக்கி வைப்பதா, உடவளவைப் பகுதி வயல்களுக்கு விடுவதா என்ற பிணக்கு எழுந்து, ஈற்றில் நீரைத் திறந்துவிட அரசாங்கம் தீர்மானித்தது. உச்சவேளையில் மின்னழுத்தியைத் தவிர்ப்பவருக்குப் பட்டியலில் வேறுபாடு தெரியாது. அவ்வாறிருந்தும் பிறரை எண்ணி அவர் தவிர்ப்பாராயின், கான்ற் வேண்டிய கடமையுணர்வு அங்கே தோன்றுகின்றது.

திருவள்ளுவர் வருவாயின் அளவறிந்து வாழ்தலையும் கொடுத்தலையும் வற்புறுத்தும் இடம் இல்லறவியல் அன்று என்பது கவனித்தற்குரியது. பொருட்பாலில், ஆள்வோனுக்குரிய அரசியலின் பகுதியாக அமைந்த வலியறிதல் என்னும் அதிகாரத்திலேயே அக்கருத்து இடம்பெறுகின்றது. அளவறிதல் அடுக்களைக்கு மட்டும் உரிய ஒழுக்கமாயின், அதனை அவர் ஆள்வோன் முன் வைத்திருக்க வேண்டியதில்லை. பகல் வேளையிலும் விளக்குகள் எரியும் பொதுக் கட்டடங்களிலிருந்து, 30 அலகில் வாழும் குடும்பத்திற்குச் சிக்கனம் உபதேசிக்கப்படின் அவ்வுபதேசம் வலுவிழக்கின்றது. 2016இல் ஆரம்பிக்கப்பட்ட ‘சூரிய பல சங்கிராமய’ போன்ற கூரைச் சூரியமின் திட்டங்களின் பயனும், சொந்தக் கூரையும் முதலீடும் உடையோரையே முதலிற் சென்றடைகின்றது; வாடகை வீட்டில் இருப்போர்க்குக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருப்பவர் முதலீட்டினாலும் இல்லாதவர் இழப்பினாலும் ஒரே பட்டியற் குறைவை எய்துகின்றனர்.

ஆதலின், வீட்டு மின்பாவனையை அளந்து குறைத்தல் அறமாவது அதன் நோக்கத்தில் பணம் கலந்திருக்கின்றதா என்பதை மட்டும் பொறுத்ததன்று. வறிய குடும்பமொன்று மிச்சம் பிடிக்கும் பணம் மருந்தாகவும் கொப்பியாகவும் மாறுமிடத்து, பணத்தை எண்ணுதலே பிறரை எண்ணுதலாகின்றது. குறைப்பவர் தாமே தெரிந்து குறைத்தாரா, குறைந்தது மிகையா தேவையா, அச்சுமை வீட்டிலும் நாட்டிலும் வலியோர் மீது முதலில் விழுந்ததா என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். இவற்றுக்குரிய விடை மின்மானியில் இல்லை. ஆயினும் மானியைப் பார்க்கத் தொடங்கிய குடும்பம், யாருடைய விளக்கு முதலில் அணைக்கப்படுகின்றது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்கத் தொடங்குதல் இயலும். அவ்வாறு பார்க்கும் கடமை, குடும்பத்திற்குப் போலவே கட்டணத்தை விதிப்போர்க்கும் உரியதாகும்.