எபிக்கூரஸின் மரண சாசனம்

மரணம் நமக்கு ஒரு பொருட்டே அன்று என்று ஆயுள் முழுவதும் போதித்து வந்த ஒருவர், தம் அந்திம காலத்தில், தமக்குப் பின் நடக்கவேண்டியவற்றை இவ்வளவு கவலையோடு எழுதிவைப்பானேன்? கிரேக்கத் தத்துவஞானி எபிக்கூரஸின் கடைசி நாட்களைப் படிக்கும்தோறும் இக்கேள்வி என் உள்ளத்தில் எழுகிறது.

கி.மு. 270-ஆம் ஆண்டையொட்டி, ஏதென்ஸ் நகரில், 72 வயதில், கல்லடைப்பினால் சிறுநீர் பிரியாமல் 14 நாட்கள் அவர் துடித்தார். வயிற்றுக் கடுப்பும் உடன் சேர்ந்துகொண்டது. இறுதியில் வெந்நீர் நிரப்பிய வெண்கலத் தொட்டியில் இறங்கி அமர்ந்து, நீர் கலவாத திராட்சை மதுவை வாங்கிப் பருகி (கிரேக்கர் நீர் கலந்தே மது அருந்துவது வழக்கம்), தம் போதனைகளை மறவாதிருக்குமாறு நண்பர்களிடம் சொல்லிவிட்டு உயிர் நீத்தார் என்பது பழைய வரலாறு.

ஆன்மாவும் அணுக்களின் சேர்க்கையே, சரீரத்தோடு அதுவும் சிதறிப்போகும், உணர்வே அற்ற பின் துன்புற எவரும் எஞ்சுவதில்லை என்பது அவர் சித்தாந்தம். ஆனால் அவருடைய சாசனமோ, அவர் பள்ளி நடத்திவந்த தோட்டத்தில் சீடர் ஹெர்மார்க்கஸும் மற்றவர்களும் தொடர்ந்து வசித்துத் தத்துவம் பயிலவும், ஏழாண்டுகளுக்கு முன் காலமாகிவிட்ட அத்தியந்த நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பராமரிக்கவும், அவர் மகளுக்கு வயது வந்ததும் மணம் முடித்துவைக்கவும், மீஸ் முதலிய மூன்று அடிமைகளையும் பெய்ட்ரியம் என்ற பெண்ணையும் விடுதலை செய்யவும், மாதந்தோறும் 20-ஆம் நாளில் தம்மையும் மெட்ரோடோரஸையும் நினைந்து கூடவும் ஏற்பாடு செய்கிறது. இதைக் கண்ட ரோமானிய அறிஞர் சிசரோ, இச்செயல் நல்லவருக்கு ஏற்றதே, அவர் கொள்கைக்குத்தான் ஏற்றதன்று என்றார்.

சிசரோவின் வாதம் எனக்கு உடன்பாடன்று. இறந்தபின் நாம் எதையும் உணரோம் என்பதற்கு, உயிரோடிருக்கும்போதே பிறரைப் பற்றிக் கவலைப்படலாகாது என்று பொருளாகிவிடுமா? சாசனம் எழுதிய கை உயிருள்ள கை. அந்தப் பெண் குழந்தையின் எதிர்காலம் அவளுக்கு உண்மையானது. அதைப் பேணுவதில் அவர் அடைந்த நிம்மதி அன்றைய நிம்மதி. சிநேகத்தையே இன்பத்தின் பெருநிதியாகக் கண்டவர், அச்சிநேகத்தின் கடனைத் தீர்க்காமல் எப்படிக் கண்மூடுவார்? அந்திம தினத்தில் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதிய சிறு கடிதத்தில், தாங்கொணாத நோவுக்கு எதிராகப் பழைய சம்பாஷணைகளின் நினைவு தந்த மகிழ்ச்சியை நிறுத்தி, அந்நாளைப் பாக்கியமுள்ள நாளென்று குறிப்பிட்டுவிட்டு, உடனே அவர் கேட்டுக்கொண்டது இது ஒன்றே: மெட்ரோடோரஸின் குழந்தைகளைப் பார்த்துக்கொள். போகி என்று அவரைத் தூற்றியவர்கள் இக்கடிதத்தைப் படித்திருப்பார்களா என்று பல வேளை நான் எண்ணியதுண்டு.

அவர் குறித்த 20-ஆம் நாள் மறக்கப்படவில்லை. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழித்து, இத்தாலியில் வாழ்ந்த, அவர் நெறியைப் பின்பற்றிய பிலோடெமஸ் என்ற கவிஞர், செல்வந்தரான பீசோவை அந்நாளின் கூடலுக்கு அழைத்தார். அழைத்தது தம் எளிய குடிலுக்கு.