எதற்காக உழைக்கிறோம்?

பிரிய கிறிஸ்தவர்களே,

சில மாதங்களுக்கு முன் நம் பங்கிலுள்ள ஒரு குடும்பத்தின் புது வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். வீட்டுத் தலைவர் பனியன் கம்பெனியில் டெய்லர். 12 வருஷம் அநேகமாய்த் தினந்தோறும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஷிப்மென்ட் நெருக்கடியில் விடிய விடியத் தைத்துக் கட்டிய வீடு அது. தீர்த்தம் தெளித்தபின், "யாருக்காக இத்தனை பாடு?" என்று கேட்டேன். "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் சாமி" என்றார். பக்கத்தில் நின்ற மகன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தேன். "எட்டாவது" என்றார் தகப்பனார். "பத்தாவது அப்பா" என்றான் பையன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. இதை உங்களுக்கு எழுதச் சொன்னவரும் அவரே.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீடு கட்ட ஆசைப்பட்டது பாவமல்ல. ஆனால் காரியம் வளர வளர, அதன் காரணம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

நம் ஊருக்கும் இப்படித்தான் நேர்ந்தது. சாயப்பட்டறைகள் வயிற்றுப்பாட்டுக்காக வந்தவை. எவ்வளவு போதும் என்று கேட்பாரில்லை. சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி, உழவர்களின் கிணறும் நிலமும் கெட்டன. 2011-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கூலியின்றித் தவித்தார்கள்.

காரணத்தைக் கண்டுகொண்ட ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். அர்ச். சவேரியார் பாரீஸ் பட்டணத்தில் கல்வி கற்று, தத்துவ சாஸ்திரம் போதித்து, பேரும் பதவியும் நாடியிருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த அர்ச். இஞ்ஞாசியார், ஆத்தும நஷ்டத்தை எந்த உலக லாபமும் ஈடுசெய்யாது என்ற நம் ஆண்டவரின் எச்சரிப்பை அவருக்கு நினைவூட்டினார். சவேரியார் படிப்பை விட்டுவிடவில்லை. அதன் நோக்கத்தை மாற்றிக்கொண்டார். 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த அந்தப் பண்டிதர், தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார்.

நோக்கம் தெரிந்தவனுக்கு அளவும் தெரியும். உலகப் பொருள்கள் நம் இரட்சணியத்துக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவே நமக்கு வேண்டும் என்பது அர்ச். இஞ்ஞாசியாரின் படிப்பினை.

ஆகையால், சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும், குடும்ப செபத்துக்குமுன் உங்களையே கேளுங்கள்: இது எதற்காக? பிள்ளைகளுக்காக என்றால், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? சர்வேசுரனுக்காக என்றால், ஞாயிறு பூசை நேரத்தை ஓவர்டைம் விழுங்கலாமா? கம்பெனி நடத்துகிறவர்களே, ஆர்டர் எடுக்கும்போது தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் வையுங்கள். கடன் நெருக்கி வேறு வழியின்றி உழைப்பவர்களே, மனம் நொந்துபோகாதீர்கள். உங்கள் களைப்பை நாசரேத்தூர்த் தச்சனாகிய அர்ச். சூசையப்பர் அறிவார்.

அந்த டெய்லர் இப்போது புதன்கிழமைதோறும் ஒரு ஷிப்டோடு வீடு திரும்புகிறார். கூலி கொஞ்சம் குறைவுதான். அன்றிரவு குடும்பமாய் உட்கார்ந்து செபமாலை சொல்லிச் சாப்பிடுகிறார்களாம்.

சேசுவின் திரு இருதயம் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பதாக.

உங்கள் பங்குக் குருவானவர்