சாமியும் தறியும் எத்தனையாவது தேவை?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளர் வீட்டுக் கூடம் முதலில் தறிக்குச் சொந்தம், மிச்சத்தில்தான் மனிதர்கள். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெசவாளர் மிதிபலகையை மிதிக்கிறார். கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலை என்றால், அந்த நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். சுவரில் வரிசையாகச் சாமி படங்கள். ஆயுத பூஜையன்று தறிக்கே சந்தனமும் குங்குமமும் பூவும். இந்தக் கூடத்தை அளந்து வரைபடம் போட வரும் கட்டடக்கலை ஆய்வாளர் இதைப் பட்டறை என்று குறிப்பாரா, பூஜை இடம் என்றா, படுக்கும் இடம் என்றா?

நம்பிக்கையை ஒரு ‘தேவை’யாக எண்ணிப் பட்டியலில் சேர்க்க முடியுமா?

முடியும் என்று ஒருவர் செய்தே காட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் கட்டடக்கலையில் வழங்கிய முதல் முனைவர் பட்டத்தைப் பெற்ற கிறிஸ்டோபர் அலெக்சாண்டர்தான் அவர். குஜராத் கிராமம் ஒன்றில் தங்கியிருந்து பார்த்தவர். அவருடைய ஆய்வேடு 1964-ல் நூலாக வந்தபோது, அதன் பின்னிணைப்பில் ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகள் 141 என்று வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. எது எதோடு மோதுகிறது, எது எதற்குத் துணை என்று பார்த்து அவற்றைக் கூறுகளாகப் பிரித்தார்.

வீட்டு வாசல் தெற்கு பார்க்கக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் மூன்றாவது. சில நீர்நிலைகளும் மரங்களும் புனிதமானவை என்பது நான்காவது. முதலாவது? தீண்டாமை. ஊரில் இருப்பதை உள்ளபடி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பட்டியலுக்குள் வந்துவிட்டால், குடிதண்ணீருக்கு எப்படி ஓர் எண்ணோ, தீண்டாமைக்கும் அப்படியே ஓர் எண். கும்பிடத் தக்கது எது, ஒழிக்கத் தக்கது எது என்று எண்கள் சொல்லாது.

நம்பிக்கையைக் கட்டடக் கணக்கில் சேர்க்க முடியுமா என்ற கேள்வியைக் காஞ்சிபுரம் வேறொரு கதையில் வைத்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்தை ஒட்டி நிற்கும் கயிலாசநாதர் கோயில், சுமார் 700-ல் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பியது. பெரியபுராணம் சொல்லும் பூசலார் நாயனார் கதையில் அரசன் கட்டிய கற்கோயில் இதுதான் என்று சொல்வதுண்டு. திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கையில் காசில்லை. பொருள்களையும் தச்சரையும் மனத்திலேயே திரட்டினார்; அடித்தளம், சிகரம், கிணறு, குளம், மதில் என ஒன்றையும் விடாமல் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். சிவன் அரசனின் கனவில் வந்து, நீ குறித்த நாளை மாற்றிக்கொள், அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்றாராம்.

கட்டாத கட்டடமும் கட்டடமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம்: பூசலார் கோயிலில் குடியேற இருந்தவர் ஒருவர்தான். வீட்டில் அப்படியில்லை. நெசவாளர் குடும்பம் மாடி வீட்டுக்கு மாறினால், மேல்தளத்தில் தறிக்குழி வெட்ட முடியாது. தறியைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினால் ஆயுத பூஜையும் கூடவே போய்விடும். அது குறை என்று பெரியவர் சொல்லலாம். தறியில்லாத கூடம் கிடைத்ததே என்று மருமகள் நிம்மதியடையலாம். இருவருடையதும் தேவைதான்.

அலெக்சாண்டரே 1971 பதிப்பின் முன்னுரையில், வடிவமைக்கும் செயலிலிருந்து பிரித்து முறைகளை மட்டும் ஆராய்வதை நிராகரித்தார். அதனால் பட்டியலே வேண்டாம் என்று ஆகிவிடாது. காஞ்சியில் அளக்க வருபவர் ஒவ்வொரு நம்பிக்கைக்கும் எதிரே, அதை யார் கேட்டார்கள், அதனால் யாருக்கு இடம் குறைகிறது என்றும் எழுதிக்கொள்ளலாம். எதை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சை அந்தக் கூடத்தில் உட்கார்ந்தே, வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு தொடங்க அது உதவும்.